பின்னங்கால் நொண்டும் குதிரை: விட்டு விட்டு வரும் நொண்டலின் காரணத்தை அறியும் முறை

நுவரெலியாவில் குதிரை புதிய விலங்கன்று. தோட்டத்துரைமார் குதிரையேறி மலைச்சரிவுகளைப் பார்வையிட்ட காலம் ஒன்று இருந்தது. அவ்வேலையைப் பின்னர் மோட்டார் வாகனங்கள் ஏற்றுக்கொண்டன. ஆயினும் 1875ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குதிரைப் பந்தயத் திடலும், 1873ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட கிரகறி வாவியும் இன்றும் உள. அவற்றின் அயலில் உல்லாசப் பயணிகளையும் சிறுவரையும் ஏற்றிச் செல்லும் குதிரைகளைக் காணலாம். கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு பயிரிடும் கமக்காரருக்கும் குதிரையினாற் பயனுண்டு. அதன் சாணம், நன்றாக மக்கவிடப்பட்டபின், மரக்கறிப் பாத்திகளுக்கு உகந்த பசளையாகும். சவாரிக்கு விடப்படும் குதிரையோ ஏப்பிரல் மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு வருவாய் தரும் பொருளாகின்றது.

இத்தகைய குதிரையின் பின்னங்கால் ஒருநாள் நொண்டும். மறுநாள் நேராக நடக்கும். சில நாட்களின் பின் மீண்டும் நொண்டும். இவ்வாறு விட்டு விட்டு வரும் நொண்டலைப் பலர் பொருட்படுத்துவதில்லை. "நேற்றுச் சரியாக நடந்தது, இன்றும் சரியாகிவிடும்" என்று எண்ணிக் குதிரையை மீண்டும் வேலைக்கு விடுகின்றனர். ஒரு குழந்தை முதுகில் இருக்கும்போது, இறக்கமான பாதையில் அக்கால் தளருமாயின் விளைவு யாது என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

இந்நோயில் வேறொரு இடர்ப்பாடும் உண்டு. மிருக வைத்தியர் வரும் நாளில் குதிரை பெரும்பாலும் நொண்டுவதில்லை. கண்ணாற் காணாத நொண்டலுக்கு எவ்வளவு தேர்ந்த வைத்தியரும் மருந்து கூறுதல் அரிது. ஆகவே குதிரையை நாள்தோறும் பார்ப்பவரின் கவனிப்பே நோயை அறிவதற்கு முதற் கருவியாகும். நொண்டல் எப்பொழுது வருகின்றது, எப்பொழுது மறைகின்றது என்பதே அதன் இருப்பிடத்தைக் காட்டும்.

குறித்து வைக்க வேண்டியவை

ஒரு சிறிய பயிற்சிப் புத்தகத்தில், நொண்டல் தோன்றும் ஒவ்வொரு நாளும் பின்வருவனவற்றை எழுதுதல் வேண்டும்.

1. திகதியும் நேரமும்.
2. லாயத்திலிருந்து வெளிக்கொணர்ந்த உடனே நொண்டியதா, சிறிது தூரம் நடந்தபின் நொண்டியதா, வேலை முடிவில் நொண்டியதா என்பது.
3. நடக்க நடக்க நொண்டல் குறைந்ததா, கூடியதா என்பது.
4. ஏற்றத்திலா, இறக்கத்திலா, சமநிலத்திலா. தார் வீதியிலா, புற்றரையிலா என்பது.
5. முதல்நாள் வேலை செய்ததா, ஓய்விலிருந்ததா. தீன் எவ்வளவு உண்டது என்பது.
6. கடைசியாக லாடம் அடித்த அல்லது குளம்பு சீவிய நாள்.

கைத்தொலைபேசி உள்ளவர் நொண்டும் வேளையில் குதிரையைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் பிடித்து வைத்தல் மிகவும் நன்று. குதிரை நேராக நடக்கும் நாளில் வைத்தியர் வந்தாலும், அப்படம் நொண்டலைக் காட்டும்.

எந்தக் கால் என்று அறிதல்

பின்னங்காலில் நொண்டல் எப்பக்கத்தது என்பதைத் தீர்மானித்தல் எளிதன்று. கடினமான சமதரையைத் தெரிந்துகொள்க. இடுப்பின் இருபுறத்தும் புடைத்து நிற்கும் எலும்பு முனைகளில் ஒரே அளவான வெள்ளைத் துணித் துண்டுகளை ஒட்டுக. ஒருவர் தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக் குதிரையை முதலில் நடத்தியும், பின்னர் மெல்லோட்டமாகவும் அப்பாற் கொண்டு செல்லுதல் வேண்டும். மெல்லோட்டமாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம். பார்ப்பவர் பின்னால், போதிய தூரத்தில் நிற்றல் வேண்டும்.

நோயற்ற குதிரையில் இரு வெள்ளை அடையாளங்களும் ஒரே அளவு ஏறி இறங்கும். நொண்டும் குதிரையில் ஒன்று மற்றையதிலும் கூடுதலாக ஏறி இறங்கும். அப்பக்கத்துக் காலே பெரும்பாலும் நோயுற்றது. குதிரை தன் பாரத்தை அக்காலில் வைக்க விரும்பாது இடுப்பைத் தூக்குவதே இதற்குக் காரணம். மெல்லோட்டத்தில், நோயுற்ற பின்னங்கால் நிலத்தில் ஊன்றும்போது குதிரை தலையைத் தாழ்த்துவதுமுண்டு. அதைப் பார்த்து முன்னங்காலில் நோயென்று மயங்குதல் ஆகாது.

பின்னர் இடமாகவும் வலமாகவும் சிறு வட்டத்திற் சுற்றுவித்தும், பின்னோக்கி நடத்தியும், மெல்லிய சரிவில் ஏற்றி இறக்கியும் பார்த்தல் வேண்டும். மலைநாட்டில் சரிவுக்குக் குறைவில்லை. அதுவே நல்ல சோதனைக் களமாகும்.

குளம்பிலிருந்து தொடங்குக

நொண்டலின் காரணத்தை இடுப்பில் தேடத் தொடங்குவது பொதுவான தவறு. முதலில் குளம்பைப் பார்த்தல் வேண்டும். குளம்பைத் தூக்கிச் சேற்றை நீக்கிக் கழுவி, கல் செருகியுள்ளதா, ஆணி உயிர்ச்சதையில் ஏறியுள்ளதா, வெடிப்பு உண்டா, துர்நாற்றம் வீசுகின்றதா என ஆராய்க. உள்ளங்கையை இரு குளம்புகளிலும் வைத்து வெப்பத்தை ஒப்பிடுக. குளம்புக்கு மேலுள்ள மூட்டின் இருபுறத்தும் விரலை மெல்ல வைத்தால் நாடித் துடிப்பை உணரலாம். ஒரு காலில் மட்டும் நாடி பலமாகத் துடிக்குமாயின் அக்குளம்பில் அழற்சி உண்டென்று ஐயுறல் வேண்டும்.

மழைக்காலத்தில் குளம்பு ஈரத்தில் ஊறி மென்மையாகின்றது. அப்பொழுது கற்பாதையில் நடக்கும் குதிரைக்கு அடிக்குளம்பில் நசிவு உண்டாகி, உள்ளே சீழ் பிடிக்கும். சீழ் அடைபடும்போது கால் ஊன்ற முடியாத நொண்டல் வரும். அது வெளியேறியவுடன் குதிரை நேராக நடக்கும். மீண்டும் அடைபட்டால் மீண்டும் நொண்டும். விட்டு விட்டு வரும் நொண்டலுக்கு இதுவும் ஒரு காரணம். சீழைத் திறந்துவிடுதல் வைத்தியரின் வேலை. குளம்புக் காயத்தின் வழியாக ஏற்புவலிக் கிருமி உட்புகக்கூடும். குதிரை அந்நோய்க்கு எளிதில் இரையாகும் விலங்கு. ஆதலின் ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றப்பட்டுள்ளதா என்பதை அவரிடம் கேட்டறிதல் அவசியம்.

நடக்க நடக்கக் குறையும் நொண்டல்

காலையில் லாயத்திலிருந்து வெளிவரும்போது விறைப்பாக நடந்து, சிறிது தூரம் சென்றபின் தளர்ந்து சீராக நடக்கும் குதிரைக்கு மூட்டு நோய் இருக்கலாம். பின்னங்காலின் நடுவே, பின்னோக்கி முனைபோல் நீண்டிருக்கும் கணைமூட்டே இதற்குப் பெரும்பாலும் இடமாகும். அம்மூட்டின் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு எலும்புகள் தேய்ந்து, உட்புறத்திற் கடினமான புடைப்பு உண்டாகும். குதிரை காலை நன்றாக மடக்கித் தூக்காமையால் குளம்பின் நுனி தேய்ந்திருக்கும். இரு கால்களிலும் இந்நோய் இருக்குமாயின் நொண்டல் தெரியாது; எட்டு மட்டும் குறுகும்.

கணைமூட்டு மடங்கும்படி காலை ஏறத்தாழ 60 வினாடி தூக்கிப் பிடித்து, விட்டவுடன் மெல்லோட்டமாகச் செலுத்தினால், முதற் சில எட்டுகளில் நொண்டல் கூடித் தோன்றும். ஆயினும் இவ்வாறு தூக்கும்போது மேலுள்ள முழங்கால் மூட்டும் மடங்குகின்றமையால், இச்சோதனை மட்டும் முடிவான சான்றாகாது. உறுதியாக அறிவதற்கு மூட்டை மரக்கச் செய்யும் ஊசியும் எக்ஸ்கதிர்ப் படமும் வேண்டும். இந்நோயுற்ற குதிரைகளிற் சில, எலும்புகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைந்தபின், இலகுவான வேலைக்கு மீண்டும் உதவுவதுண்டு. ஆகவே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

கால் பூட்டிக்கொள்ளல்

குதிரை நின்றபடியே உறங்கும் விலங்கு. அதற்கேற்ப அதன் பின்முழங்காலில் ஓர் அமைப்பு உண்டு. முழங்காற் சில்லின் உட்புறத் தசைநார், தொடையெலும்பின் முனையிலுள்ள மேட்டில் கொளுவிக்கொள்ளும். அப்பொழுது தசைகள் களைப்பின்றிக் கால் நிமிர்ந்து நிற்கும். நடக்கத் தொடங்கும்போது அக்கொளுவி விடுபடுதல் வேண்டும். சில குதிரைகளில் அது உரிய நேரத்தில் விடுபடுவதில்லை. கால் பின்னோக்கி நீண்டபடி விறைத்து நிற்கும். குளம்பின் நுனி நிலத்தில் இழுபடும். பின்னர் ஒரு வெட்டுடன் கால் திடீரென விடுபட்டு முன்வரும். சில கணத்தின் பின் எவ்விதக் குறையுமின்றிக் குதிரை நடக்கும். மாடும் எருமையும் உழைக்கும் இடங்களில் இவ்வாறான கால்பூட்டை அவற்றிலும் காணலாம். கமக்காரர் சிலர் இதனை அறிந்திருப்பர்.

இது பெரும்பாலும் இளங் குதிரைகளிலும், மெலிந்து தொடைத்தசை குன்றியவற்றிலும், பின்னங்கால் மிக நேராக அமைந்தவற்றிலும், பல நாள் லாயத்திற் கட்டப்பட்டிருந்தவற்றிலும் தோன்றும். இறக்கத்திலும், சிறு வட்டத்திலும், நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதும் மிகும். கால் பூட்டிக்கொண்டால் அடித்து முன்னே செலுத்துதல் கூடாது. மெல்லப் பின்னோக்கி நடத்தினாற் பெரும்பாலும் கொளுவி விடுபடும்.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், நொண்டல் என்றவுடன் குதிரையைக் கட்டிவைக்கும் வழக்கம் இந்நோயைக் கூட்டும் என்பதாகும். வைத்தியர் வேறு நோயில்லை என்று உறுதி செய்தபின், நல்ல தீனும், ஒழுங்கான குளம்புச் சீவலும், நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டப்படும் ஏற்ற நடையும் தொடைத்தசையை வலுப்படுத்தும். பல குதிரைகளுக்கு இவையே போதும். தசைநாரை வெட்டும் சத்திரசிகிச்சை ஒன்றுண்டு. அதனால் முழங்காற் சில்லுக்குப் பின்னர்ச் சேதம் நேரக்கூடுமாதலின், அதனை இறுதி வழியாகவே கொள்ளல் வேண்டும். பூட்டு முற்றாக நீங்கும்வரை எவரையும் முதுகில் ஏற்றுதல் தகாது.

ஓய்வு நாளின் மறுநாள் வரும் விறைப்பு

வேலையில்லாத நாட்களிலும் வழக்கமான தானியத்தைக் குறையாது கொடுத்து, அடுத்த நாள் திடீரென வேலைக்கு விட்டால், குதிரையின் இடுப்புத் தசைகள் கல்லைப்போல் இறுகக்கூடும். புறப்பட்டுச் சிறிது நேரத்தில் எட்டு குறுகும், வியர்வை பெருகும், நடக்க மறுக்கும். சிறுநீர் கோப்பி நிறமாகக் கழியும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருளே அந்நிறத்தைத் தருகின்றது. அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். இக்குறி கண்டவுடன் குதிரையை நின்ற இடத்திலேயே நிறுத்திப் போர்வை போர்த்தி, குடிக்க நீர் கொடுத்து, வைத்தியரை அழைத்தல் வேண்டும். நடத்தி நடத்தி இளக்கலாம் என்று எண்ணுதல் பெருங்கேடு.

பயணிகள் கூடும் நாட்களில் ஓயாது உழைத்து, ஏனைய நாட்களிற் சும்மா நிற்கும் குதிரைகளுக்கு இவ்வாபத்து உண்டு. ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுதலும், அந்நாளிலும் சிறிது நேரம் நடத்துதலும் தடுப்பு முறைகளாகும்.

அரிதான இரு காரணங்கள்

வேலை செய்யச் செய்ய நொண்டல் கூடி, சிறிது நேரம் நின்றவுடன் முற்றாக மறையுமாயின், பின்னங்காலுக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். வேலை முடிந்தவுடன் தொட்டுப் பார்த்தால் அக்கால் மற்றையதிலும் குளிர்ந்திருக்கும்; நாடியும் மெலிந்திருக்கும். இது அரிது, ஆயினும் குறிகள் தெளிவானவை.

ஒவ்வோர் எட்டிலும் காலை வயிற்றை நோக்கி வெட்டி இழுக்கும் நோய் இன்னொன்று. கால்பூட்டில் கால் பின்னே நீண்டு விறைக்கும். இதிலோ கால் மேலே மடங்கித் துள்ளும். குளிர்ந்த நாடுகளின் மேய்ச்சல் நிலங்களில் வளரும், தரையோடு படிந்த இலைகளும் மஞ்சள் மலரும் உடைய ஹைப்போகெரிஸ் ராடிகாட்டா என்னும் களையை மிகுதியாக உண்ட குதிரைகளில் இந்நோய் தோன்றுவதை அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் அறிந்துள்ளனர். இக்குறி காணின் மேய்ச்சல் நிலத்தை மாற்றுதல் வேண்டும்.

நொண்டலைப்போல் தோன்றும் நரம்பு நோய்

மேற்கூறியவற்றுட் பெரும்பாலானவற்றில் குதிரை ஒரே வகையாகவே காலை வைக்கும். ஒவ்வோர் எட்டும் முன்னையதை ஒத்திருக்கும். ஆனால் ஓர் எட்டு அகன்றும், ஓர் எட்டு குறுகியும், இடுப்பு இருபுறமும் ஆடியும், குளம்பின் நுனி இழுபட்டும் குதிரை நடக்குமாயின், நோய் காலில் அன்று. முள்ளந்தண்டிலுள்ள நரம்பில் எனக் கொள்ளல் வேண்டும். சிறு வட்டத்தில் திருப்பினாற் பின்னங்கால்கள் ஒன்றையொன்று பின்னும். அனுபவமுள்ள ஒருவர் நடக்கும் குதிரையின் வாலைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால், அது தடுக்க வலுவின்றி அப்பக்கம் சாயும். தொடக்கத்தில் இக்குறிகள் களைத்த வேளையில் மட்டும் வெளிப்பட்டு, விட்டு விட்டு வரும் நொண்டல் என்ற மயக்கத்தைத் தரலாம்.

இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளில் இந்நோய் "கும்ரி" எனப் பெயர் பெற்றிருந்தது. இடுப்பில் குளிர் தாக்கியதென்றும் சுளுக்கென்றும் பலவாறு கருதினர். 1955ஆம் ஆண்டில் இன்னிஸ், பிள்ளை என்னும் இரு ஆராய்ச்சியாளர், இலங்கைக் குதிரைகளின் கும்ரி நோய் நரம்பு மண்டலத்திற் புகும் புழுவினால் உண்டாவதே என்று விளக்கி வெளியிட்டனர். அப்புழு செற்றாரியா டிஜிற்றாற்றா எனப்படும்.

இப்புழுவின் உரிய இருப்பிடம் மாடு. மாட்டின் வயிற்றறையில் வெள்ளை நூல்போல் அது வாழும். மாட்டுக்குப் பெருந் தீங்கு செய்வதில்லை. அதன் நுண்ணிய குஞ்சுகள் மாட்டின் இரத்தத்தில் ஓடும். நுளம்பு மாட்டைக் கடிக்கும்போது அவை நுளம்பினுட் சென்று வளர்ந்து, பின்னர் அது கடிக்கும் விலங்கினுட் புகும். அவ்விலங்கு குதிரையாகவோ ஆடாகவோ இருப்பின், புழு தன் வழியறியாது மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் அலைந்து அவற்றைச் சிதைக்கும்.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. குளிரினால் அங்கு நுளம்பு குறைவு. வலப்பனை, ஹங்குராங்கெத்த போன்ற தாழ்ந்த பகுதிகளில் நெல்வயலும் மாடும் நுளம்பும் ஒருங்கே உள. அத்தகைய இடங்களில் வாங்கிய அல்லது தங்கியிருந்த குதிரையாயின் அதனை வைத்தியரிடம் மறவாது கூறுதல் வேண்டும். மாட்டுக்கொட்டிலிலிருந்து லாயத்தை விலக்கி அமைத்தல், தேங்கும் நீரையும் கழிவுநீரையும் வடித்துவிடுதல், மாலையில் நுளம்பு வலையோ புகையோ பயன்படுத்துதல் என்பன தடுப்பு முறைகள். தொடக்க நாட்களிற் கண்டால் வைத்தியர் கொடுக்கும் மருந்துகள் உதவக்கூடும். நரம்பு சிதைந்தபின் அதனை மீட்டல் அரிது. ஆகவே இக்குறிகளைக் கண்டபின் ஒருநாளும் தாமதித்தல் கூடாது.

பின்புறம் தளரும் குதிரையில் விசர்நோயும் இருக்கக்கூடும். நாய் கடித்த ஐயமிருந்தாலும், குதிரையின் குணம் திடீரென மாறினாலும், வாயினுட் கையிடுதலும் மருந்து பருக்குதலும் கூடாது. குதிரையைத் தனியே அடைத்து உடனே அறிவித்தல் வேண்டும். அதன் உமிழ்நீர் பட்டவர் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

செய்யத் தகாதவை

1. இடுப்பிலோ மூட்டிலோ சூடு போடுதல் கூடாது. அது நோயை நீக்குவதில்லை. புதுப் புண்ணையே உண்டாக்கும்.
2. வலி தணிக்கும் மருந்தைக் கொடுத்துக் குதிரையை வேலைக்கு விடுதல் கூடாது. வலி மறையும், நோய் வளரும்.
3. வைத்தியர் வரும் நாளில் அவர் அறியாமல் அத்தகைய மருந்து கொடுத்தல் கூடாது, சோதனை பயனற்றதாகும்.
4. காரணம் அறியுமுன் நீண்ட ஓய்வையோ கடும் நடையையோ தாமாக விதித்தல் கூடாது. ஒன்றுக்கு நன்மையானது மற்றொன்றுக்குத் தீமையாகும்.

உதவி பெறும் இடம்

முதலில் அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். எக்ஸ்கதிர்ப் படம் முதலிய மேற்பரிசோதனை வேண்டுமாயின், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த மருத்துவமனையை நாடுவது பற்றி அவ்வலுவலகத்து வைத்தியரிடம் ஆலோசனை பெறுக. செல்லும்போது குறிப்புப் புத்தகத்தையும் பிடித்த படத்தையும் கொண்டு செல்லுதல் வேண்டும்.

சுருக்கம்

புறப்படும்போது விறைத்து நடக்க நடக்கக் குறைவது மூட்டு நோயைக் காட்டும். கால் பின்னே நீண்டு பூட்டி வெட்டுடன் விடுபடுவது முழங்காற் சில்லைக் காட்டும். ஓய்வின் மறுநாள் வேலையில் இறுகுவது தசையைக் காட்டும். உழைக்கக் கூடி நிற்க மறைவது இரத்தக்குழாயைக் காட்டும். திடீரெனக் காலை ஊன்றாதிருப்பது குளம்பைக் காட்டும். ஒழுங்கற்று ஆடி நடப்பது நரம்பைக் காட்டும். இவ்வேறுபாடுகளை அறிந்து, நொண்டிய நாளையும் நொண்டாத நாளையும் ஒருங்கே குறித்து வைப்பவர், தம் குதிரையையும் அதன் முதுகில் ஏறுவோரையும் காத்தவராவர்.